தங்கப்பொண்ணு வைத்த செருப்பு வரிசை

எங்கள் தங்கப்பொண்ணுக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீர் இல்லை, ஆழத் தண்ணீர். அப்படிப்பட்டவள்தான் கோடை வந்தால் மதுரைப் பிள்ளைகளையெல்லாம் தன் மோட்டார் தொட்டியில் இறக்கிவிட்டு விளையாட வைக்கிறாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான் இது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவள் என் தம்பி மொக்கையனின் பெண்டாட்டி. நான் முத்துத்தாய், அவளுக்கு நாத்தனார். நாத்தனார் வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

உசிலம்பட்டி ரோட்டில் கருமாத்தூர் தாண்டி, தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால் அவர்கள் தோட்டம். தென்னை இருக்கிறது, மாட்டுக்குப் புல் இருக்கிறது, மழை கொஞ்சம் கண் திறந்தால் கத்தரிக்காயும் உண்டு. தோட்டத்து நடுவில் பழைய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. உள்சுவரில் கல்படிகள் நீட்டிக்கொண்டு அடிவரைக்கும் இறங்கும். கிணற்றில் ஊற்று செத்துப் பல வருஷம் ஆகிறது. அதனால் போர் போட்டு, போர்த் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, கிணற்றிலிருந்து மோட்டார் ரூமை ஒட்டிய சிமெண்டுத் தொட்டிக்கு ஏற்றி வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். போர்க்குழாயின் வாய் கல்படிகளுக்கு நேர் மேலே இருக்கும். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் யார் காத்துக்கொண்டு உட்காருவது? மோட்டாரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்தால் தானாக ஓடும், தண்ணீர் கிணற்றுக்குள் தடதடவென்று கொட்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கண்ணெதிரே ஓர் ஆட்டுக்குட்டி அந்தக் கிணற்றில் விழுந்தது. கண்ணெதிரே என்றுகூடச் சொல்ல முடியாது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது, திரும்பினாள். "திரும்பறதுக்குள்ள தண்ணி மூடிருச்சு மதினி" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாள். ஒரு ஆட்டுக்குட்டிக்கு இம்புட்டு அழுகையா என்று நான் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் அந்தப் படியில் ஒரு கால் வைத்ததில்லை. சுவர் எழுப்பச் சொல்லி மொக்கையனை நச்சரித்து, அது நடக்காமல் கிணற்றைச் சுற்றிக் கம்பு நட்டுப் பச்சை வலையாவது கட்ட வைத்தாள்.

அவளுக்கு எதற்கு இந்த வேலை என்றால், எல்லாம் வெயில் செய்த வேலை. மூன்று கோடைக்கு முன்னால் தல்லாகுளத்திலிருந்து ஒரு குடும்பம் பைக்கில் வந்து நின்றது. ஏதோ ஒரு பூங்காவில் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், பிள்ளைகள் நனைந்து விளையாடலாம் என்று போனில் பார்த்துவிட்டுப் போனார்களாம். அங்கே மோட்டார் ரிப்பேர். தண்ணீர் தீம் பார்க்குக்குப் போனால் பர்ஸ் கிழிந்துவிடும். பிள்ளை முதுகு முழுக்க வேர்க்குரு. போகிற வழியில் எங்கள் தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் நனைந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்கள். பிள்ளை கேட்டால் தங்கப்பொண்ணுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. சரி என்றாள். அவள் மகள் பவதாரிணி மதுரையில் காலேஜ் படிக்கிறாள். அது சும்மா இருக்குமா, பிள்ளைகள் ஆட்டம் போடுவதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிமேல் வண்டி.

மொக்கையனும் உற்சாகத்தில் பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, இரண்டு தென்னைக்கு நடுவில் உயரக் கட்டிவிட்டான். மோட்டார் ஓடினால் பூவாளி மாதிரி தண்ணீர் சொரியும். கீழே பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். தொட்டியில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்க விடுவாள். வருகிறவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. நான் பக்கத்தில் அடுப்பு மூட்டிக் கடலை அவித்து, டீ போட்டுக் கொடுப்பேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அவள் மட்டும் சிரிக்கமாட்டாள். உட்காரமாட்டாள். சாப்பிடமாட்டாள். டீயை ஊற்றிக் கையில் கொடுத்தால் ஆறி ஆடை கட்டும்வரை வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு பிள்ளை தண்ணீருக்குள் தலையை முக்கினால் அது வெளியே வரும்வரை இவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவளுக்கு நனைந்ததெல்லாம் பேய். இப்படிப் பயந்து சாவதற்கு இந்தப் பொழப்பு தேவையா என்று நான் ஏசினால், பயப்பட ஒரு ஆள் வேண்டுமில்லையா மதினி என்பாள். பெற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பயமே தெரியாது, அப்படியென்றால் யார்தான் பயப்படுவது என்று கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகளைத் தலை எண்ணக்கூடாது. எங்கள் பக்கம் ஆட்டைக்கூட எத்தனை என்று எண்ணிச் சொல்லமாட்டோம், கண் பட்டுவிடும். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், இருக்கு, ஆண்டவன் கொடுத்தது இருக்கு என்போம். வந்த பிள்ளைகள் எல்லாம் கரையேறியாயிற்றா என்று எண்ணாமல் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வந்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி, தென்னை மரத்தடியில் வரிசையாக வைக்க வேண்டும். போகும்போது அவரவர் செருப்பை அவரவரே போட வேண்டும். "செருப்பு போடாம யாரும் கேட்டத் தாண்டக் கூடாது, நெருஞ்சி முள்ளு கெடக்கு" என்று ஒவ்வொரு பிள்ளையின் தாடையையும் பிடித்துச் சொல்லுவாள். சாயங்காலம் மரத்தடியில் செருப்பு மிச்சம் இல்லையென்றால் தண்ணீரில் பிள்ளை மிச்சம் இல்லை. பிள்ளைகள் அவளுக்குச் செருப்பு அத்தை என்றே பெயர் வைத்துவிட்டன.

இந்த வருஷம் அக்கினி நட்சத்திரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஹருன்னிசா குடும்பம் வந்திருந்தது. அவள் புருஷன் அப்துல் லத்தீப் மதுரையில் பைகள் விற்கிற கடை வைத்திருக்கிறார். மூத்தவன் தவ்பீக், ஐந்தாவது படிக்கிறான், பொறுப்பான பையன். சின்னது சனோபர். இந்த ஜூனில்தான் பள்ளிக்கூடம் போகப்போகிறது. ரோஸ் நிறச் செருப்பு, வாரில் ஒரு பட்டாம்பூச்சி. அதை வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தண்ணீருக்குப் போகும். மெஹருன்னிசாவின் அக்கா குடும்பமும் வேனில் வந்திருந்தது. நாலைந்து ஞாயிறாக வந்து போகிறவர்கள், எங்கள் அடுப்படிவரை உரிமையாக வருவார்கள்.

வெயில் தாழ்ந்தது. கரண்ட் போய் மோட்டார் நின்றது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றதும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. மெஹருன்னிசா வேனில் பெண்களோடு ஏறினாள். லத்தீப் பாய் தவ்பீக்கை ஏற்றிக்கொண்டு பைக்கில் போனார். மொக்கையன் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினான். தோட்டம் அமைதியானது.

தங்கப்பொண்ணு தென்னை மரத்தடிக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு செருப்புகூட மிச்சமில்லை. அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சூடாக டீ கொடுங்க மதினி என்று கேட்டு வாங்கினாள். மாட்டுக்குப் புல் அறுக்கணும், உடம்பு வலிக்குது என்று என்னென்னமோ பேசிக்கொண்டிருந்தோம். அவள் டம்ளரை இரண்டாம் தரம் வாயில் வைத்தபோது போன் அடித்தது.

மெஹருன்னிசா. செக்கானூரணியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். பைக்கும் வேனும் ஒன்றாக நின்றிருக்கிறது. பைக்கில் சனோபர் இல்லை. வேனிலும் இல்லை. அத்தாவோடு பைக்கில் போயிருக்கும் என்று இவள் நினைத்திருக்கிறாள், அம்மாவோடு வேனில் ஏறியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போடாமலே அவள் குரல் எனக்குக் கேட்டது.

தங்கப்பொண்ணு நிதானமாகத்தான் பதில் சொன்னாள். இங்கே யாரும் இல்லை, செருப்பெல்லாம் எடுத்தாயிற்று, நான் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன், வேனில் பின்சீட்டில் தூங்குதா பாரு என்றாள்.

"அக்கா" என்றாள் மெஹருன்னிசா. "அவ செருப்பு என் பையில இருக்குக்கா. தவ்பீக் எடுத்து வச்சிருக்கான்."

டம்ளர் கீழே விழுந்தது. தங்கப்பொண்ணு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். எழுந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் தொட்டி. தண்ணீர் பாதி வடிந்திருந்தது, தரை தெரிந்தது. இறங்கிக் கையால் துழாவினாள், ஒன்றுமில்லை. மாட்டுக் கொட்டம், வைக்கோல் போர், தென்னைக்குப் பின்னால், எங்கும் இல்லை. நான் சனோபரு, சனோபரு என்று கத்திக்கொண்டே மோட்டார் ரூமுக்குப் பின்பக்கம் போனேன். அங்கேதான் பிள்ளைகள் துணி மாற்றும். ஈரப் பாவாடை ஒன்று கல்லில் கிடந்தது. அந்தச் சின்னது துணி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். கல்லுக்குப் பக்கத்திலிருந்து மண்ணில் ஈரக் காலடி தெரிந்தது. சின்னக் காலடி. அது தென்னை மரத்தடிக்குப் போயிருந்தது. அங்கே சுற்றிச் சுற்றி நடந்திருந்தது. அப்புறம் அங்கிருந்து கிணற்றுப் பக்கம் திரும்பியிருந்தது.

பச்சை வலை ஓரிடத்தில் அடியில் தூக்கியிருந்தது. ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்கு.

ஆத்தா கருப்பா என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். போய்ப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். தங்கப்பொண்ணு வலையைக் கிழித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். பின்னால் நானும் பார்த்தேன்.

பிள்ளை இருந்தது. உயிரோடு இருந்தது. கல்படியில் எல்லாப் படியையும் இறங்கி, தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. அந்தப் படி எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். கையில் ஒரு தென்னை ஈர்க்கு. தண்ணீரில் எட்டாத தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ பிளாஸ்டிக் பை மிதந்தது. அதை ஈர்க்கால் இழுக்கப் பார்த்து, எட்டாமல், இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பார்க்கப் பார்க்க நகர்ந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். தங்கப்பொண்ணு என் வாயைப் பொத்தினாள். அப்படி ஒரு பிடி, இரண்டு நாள் எனக்குத் தாடை வலித்தது. காதுக்குள் சொன்னாள்:

"சத்தம் போடாதீங்க மதினி. திரும்பினா வழுக்கிரும். மோட்டாரு ஆட்டோல கெடக்கு. போயி அமத்துங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொழுது சாய்கிற நேரம். கரண்ட் எந்த நிமிஷமும் வரும். வந்தால் அந்தக் குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர் நேராகப் படியில்தான் விழும். பெரிய ஆளையே சாய்த்துவிடும், பிள்ளை எம்மாத்திரம்.

நான் ஓடினேன். என் வயசுக்கு அப்படி ஓடக்கூடாது, ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது தங்கப்பொண்ணு முதல் படியில் உட்கார்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டு இறங்க அவளால் ஆகாது. உட்கார்ந்தபடியே, அடுத்த படிக்குக் காலை நீட்டினாள். அதற்கப்புறம் அவள் தலை எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் ரூம் இருட்டு. அதில் நான் நுழைந்ததே கிடையாது. மொக்கையனைத் தவிர யாரும் அங்கே கை வைக்கக்கூடாது என்று சட்டம். பெட்டி பெட்டியாக மாட்டியிருக்கிறது. எது ஆட்டோ, எது எது என்று எனக்கு என்ன தெரியும்? சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான், ஒரு திருகு. தப்பாக அமுக்கி நானே ஓடவிட்டுவிட்டால்? கால் வேறு ஈரம். ஈரக்காலோடு தொட்டால் கரண்ட் அடித்துச் செத்துப்போவேன் என்பது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையைச் சொல்லுகிறேன், நான் செத்தாலும் பரவாயில்லை, ஆனால் அமர்த்திவிட்டுத்தான் சாக வேண்டும். பெரிய பெட்டியின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது. அங்கே கிடந்த கோணிப்பையைச் சுருட்டி அதன்மேல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். டமார் என்று சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது சுவரில் மேலே இருந்த சின்ன பல்புகள் மூன்றும் எரிந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம்.

கரண்ட் வந்துவிட்டது.

நான் இழுத்த பிறகு வந்ததா, இழுக்கும்போதே வந்ததா, எனக்குத் தெரியாது. மோட்டார் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். என் நெஞ்சுதான் மோட்டார் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடியை விட்டால் தானாக மேலே ஏறிவிடுமோ என்று பயம். விடாமல் இங்கேயே நின்றால் அங்கே என்ன ஆயிற்று என்று எப்படித் தெரியும்? கூப்பிடலாமா என்றால், பிள்ளை திரும்பினால் வழுக்கிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். கிணற்றிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை. சத்தம் வராததுதான் என்னைக் கொன்றது. திரும்பறதுக்குள்ள தண்ணி மூடிருச்சு என்று அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதைக் கேட்டுச் சிரித்த வாய் இதுதான்.

கடைசியில் கோணியைக் கைப்பிடியில் சுற்றிக் கட்டிவிட்டு ஓடிவந்தேன்.

அவர்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். தங்கப்பொண்ணு உட்கார்ந்தபடியே, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக ஏறினாள். பிள்ளையைத் தன் சேலை முந்தானையால் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்தபோதுதான் கேட்டது. அங்கனயே இருத்தா, ஆடாத, அத்தை பிடிச்சிருக்கேன், அங்கனயே இருத்தா. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்தேன். மூன்று பேரும் மண்ணில் விழுந்தோம்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்து, ஏண்டி அங்கே போனாய், யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்திவிட்டேன். சனோபர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தது. அப்புறம் தங்கப்பொண்ணைப் பார்த்து, ரொம்ப நியாயமாகச் சொன்னது:

"என் செருப்பக் காணோம் அத்தை. செருப்பு போடாம கேட்டத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

தங்கப்பொண்ணு முகத்தை அன்றைக்கு நான் பார்த்ததுபோல் இனி யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கிணற்றுக்குள் அழாதவள் அப்போதுதான் அழுதாள். சத்தமே வராத அழுகை. தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்தேன், பிடிக்க முடியவில்லை.

லத்தீப் பாய் பைக்கில் வந்து இறங்கினார். வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்து அது அப்படியே சாய்ந்தது. பின்னாலேயே வேன். மெஹருன்னிசா ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்து, முகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தாள். பாய் அவளை ஏசினார், ஏற்றும்போது பார்க்கமாட்டாயா என்று. அவள் பதிலுக்கு, நீங்கள் பார்த்தீர்களா என்றாள். பிள்ளைகளை எண்ணக்கூடாது என்று அவளுடைய அம்மாவும் சொல்லி வளர்த்திருக்கிறாளாம். எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பயம் ஒன்றுதான் போல. தவ்பீக் அந்த ரோஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். தங்கச்சி எப்போதும் எதையாவது மறந்துவிட்டு வரும், வீட்டில் திட்டு விழும், அதனால்தான் எடுத்து வைத்தேன் என்றான். தங்கப்பொண்ணு அவனைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டாள். நீ நல்லதுதான் செஞ்ச ராசா என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். இனிமேல் எவனும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று மொக்கையன் குழாயைக் கழற்றிப் போட்டான். கொத்தனாரைக் கூட்டிவந்து கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். இருபது வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த சுவர். அடுத்த ஞாயிறு வந்தவர்களை நான்தான் ரோட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். மனசுக்குள் எனக்கு நிம்மதி. சனியன் விட்டது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மெஹருன்னிசாவும் இரண்டு பிள்ளைகளும். நான் வழியை மறித்துக்கொண்டு, இங்கே எல்லாம் மூடியாயிற்று என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தங்கப்பொண்ணு முன்னால் நின்றாள். அன்றையிலிருந்து சனோபர் தண்ணீரைக் கண்டால் அலறுகிறதாம். குளிக்கவைக்க முடியவில்லை. வாளியைப் பார்த்தாலே என் செருப்பு உள்ளே இருக்கிறது என்று நடுங்குகிறதாம். எங்கெங்கோ ஓதிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை. தண்ணீருக்குப் பயந்த பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் அக்கா என்று கேட்டாள்.

அந்தப் பயம் என்னவென்று தங்கப்பொண்ணுக்குத் தெரியாதா? மொக்கையனைப் பார்த்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்க் குழாயை எடுத்து மறுபடி கட்டினான். தண்ணீர் சொரிய ஆரம்பித்தது. ரோட்டில் போனவர்கள் பார்த்துவிட்டு, திறந்தாயிற்றா என்று கேட்டு உள்ளே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் கூச்சல்.

பிள்ளைகள் வழக்கப்படி செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்தன. தங்கப்பொண்ணு போய் அத்தனை செருப்பையும் காலால் கலைத்துவிட்டாள். பிள்ளைகளை வரிசையாக நிற்கச் சொன்னாள். முதல் பிள்ளையின் தலையில் கையை வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு."

எங்கள் சாதிசனத்தில் எந்தப் பொம்பளையும் செய்யத் துணியாத காரியம் அது. ஏய் தங்கம், வேணாம்டி, கண்ணு பட்டிரும் என்று கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு, கண்ணு பட்டா நீங்க கழிங்க மதினி என்றாள். மூன்று, நான்கு என்று தலைதலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள். சனோபர் கடைசியில் நின்றது. செருப்பைக் கழற்றவில்லை, அம்மாவின் புர்காவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் தலையிலும் கை வைத்து எண்ணினாள். நீ எண்ணில் இருக்கிறாய், உன் செருப்பு எங்கே போனாலும் நான் உன்னைத் தேடி வருவேன் என்று அதனிடம் சொன்னாள். அன்றைக்கு அது தொட்டிக்குள் இறங்கவில்லை. குழாய்க்குக் கீழே ஒரு கையை நீட்டி, சொட்டுத் தண்ணீரைப் பிடித்தது. மெஹருன்னிசாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். தங்கப்பொண்ணு வரும்போது எண்ணுகிறாள், நடுவில் எண்ணுகிறாள், போகும்போது வண்டியில் ஏற்றிவிட்டு எண்ணுகிறாள். தொண்டை கட்டிப்போகிறது, நிறுத்துவதில்லை. நான் கடலைப் பானையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போகிறேன். அவள் ஒரு தலையைத் தொட்டு எண்ணினால், நான் அந்தப் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றி நெட்டி முறிக்கிறேன். ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கிறது, பார்க்கட்டும். பயந்தாங்கொள்ளி என்று அவளை இருபது வருஷம் கேலி பேசியவள் நான். இப்போது அவள் எண்ணிக்கொண்டு போகும்போது, கடைசிப் பிள்ளையின் தலையில் அவள் கை படும்வரை நான் மூச்சு விடுவதில்லை.